இரண்டாம் முறை விழப் பழகுதல்

ஏறத்தாழ 17 ஆண்டுகளாக நான் ஒருமுறைகூடக் கீழே விழவில்லை. இதை எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே அதுவரை எனக்கு ஏற்பட்டதில்லை. படிக்கட்டில் தடுமாறியிருக்கிறேன், ஈரத் தரையில் வழுக்கிச் சுவரைப் பிடித்திருக்கிறேன்; ஆனால் உடல் முழுவதும் தரையில் மோத, உள்ளங்கைத் தோல் உரிய, எது மேல் எது கீழ் என்று ஒரு கணம் தெரியாமல் கிடக்கும் அந்த அனுபவம் 22 வயதோடு முடிந்துபோயிருந்தது. 39 வயதில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, ஆளில்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்தில் மீண்டும் ஸ்கேட்போர்டின் மீது ஏறிய மூன்றாவது நிமிடத்தில் அது திரும்பி வந்தது. குன்றிமணி அளவுள்ள ஒரு கல் முன்சக்கரத்தின் அடியில் சிக்கியது. பலகை நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை.

சத்தம் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். "என்னாச்சு சார்?" என்று கேட்டவர், சற்றுத் தள்ளித் தலைகீழாகக் கிடந்த பலகையையும் என் நரைத்த தாடியையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். வலி பெரிதாக இல்லை. என்னைத் துணுக்குறச் செய்தது வேறு. விழும்போது என் இரண்டு கைகளும் முழங்கை மடங்காமல் விறைப்பாக முன்னே நீண்டிருந்தன. பதினைந்து வயதில் நான் ஒருபோதும் அப்படி விழுந்திருக்க மாட்டேன்.

ஏனெனில் எனக்கு இந்த விளையாட்டைப் பழக்கிய அண்ணன் ஒருவர் முதல் நாளில் பலகையை என் கையிலேயே தரவில்லை. புல்தரையில் நிற்கவைத்து, ஓடி வந்து விழச் சொன்னார். கையை ஊன்றாதே, உடம்பை உருண்டையாக்கு, தோளில் வாங்கிக்கொண்டு முதுகின் குறுக்கே உருண்டு எழு என்பது மட்டுமே அன்றைய பாடம். அதன் காரணம் எனக்கு வெகு பின்னால்தான் விளங்கியது. நீட்டிய கையின் மீது முழு எடையும் இறங்கும்போது, முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டருகில் முறியலாம்; அல்லது கட்டைவிரலுக்கு நேர்க்கீழே மணிக்கட்டில் இருக்கும் படகு போன்ற சிறிய எலும்பு விரிசல் காணலாம். அந்தச் சிறிய எலும்பு பொல்லாதது. அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் முறிந்தால் சேர்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். வெறும் சுளுக்கு என்று நினைத்துக் கவனிக்காமல் விடுபவர்களும் உண்டு. 13 வயதில் என் உடம்புக்குள் புகுத்தப்பட்ட அந்தப் பாடம் வற்றிப்போயிருப்பதை அந்த வாகன நிறுத்துமிடத்தில்தான் கண்டுகொண்டேன்.

நான் எப்படி நிறுத்தினேன் என்று கேட்பவர்கள் ஒரு விபத்தை எதிர்பார்க்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலை வந்தது, வீடு மாறியது, உடன் ஆடியவர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். வாரத்திற்கு நான்கு நாளாக இருந்தது ஒரு நாளாகி, பிறகு மாதத்திற்கு ஒன்றாகி, ஒருநாள் பலகை பரணுக்குப் போனது. இதுதான் கடைசி நாள் என்று தெரிந்திருந்தால் அன்று இன்னும் சற்று நேரம் ஆடியிருப்பேனோ என்னவோ. வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அது கைக்குத் தட்டுப்பட்டதையும், தூசி தட்டிக் கூடத்துத் தரையில் வைத்து ஒரு காலை அதன்மேல் வைத்ததையும் விரித்துச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் அதிகாலையில் கிளம்பினேன் என்பது மட்டும் உண்மை.

பழைய பலகையோடு போனதுதான் முதல் தவறு. சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோக அச்சுகளான ட்ரக்குகளின் நடுவே இருக்கும், புஷ்ஷிங் எனப்படும், ரப்பர் போன்ற யூரித்தேன் வளையங்கள்தாம் பலகையை ஒரு பக்கம் சாய்த்தால் வளைந்துகொடுத்து, திரும்பவும் நேராக்குபவை. அவை 17 ஆண்டுகளில் கல்லாக இறுகி, ஓரம் வெடித்திருந்தன. ஆகவே நான் சாய்ந்தேன், பலகை சாயவில்லை. பேரிங்குகள் துருவேறியிருந்தன. கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் ஒட்டும் கிரிப் டேப்பின் சொரசொரப்பு மழுங்கியிருந்தது. சக்கரங்களோ அக்காலத்தில் நான் விரும்பிப் பூட்டியவை: 52 மில்லிமீட்டர் விட்டம், 101A கடினம் (இந்த எண் கூடக் கூடச் சக்கரம் கடினமாகும்). வழுவழுப்பான சிமென்ட் தரையில் அவற்றுக்கு இணையில்லை. கல் கிடக்கும் தார்த்தரையில் அவற்றைவிட மோசமான தேர்வும் இல்லை.

கல்லுக்கும் ஸ்கேட்போர்டுக்கும் உள்ள பகை மிகப் பழையது. 1960களில் களிமண் கலவையில் செய்த சக்கரங்கள் இருந்தபோது, சிறு கல் ஒன்றே ஓட்டுபவரைத் தூக்கி எறியப் போதுமானதாக இருந்தது. அக்கால ஸ்கேட்போர்டு அலை ஓய்ந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணம். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரித்தேன் சக்கரங்களைக் கொண்டுவந்தார். தரையைப் பற்றிக்கொள்ளும், சிறு கல்லை விழுங்கிக்கொண்டு மேலே உருளும் அந்தப் பொருள்தான் விளையாட்டுக்கு இரண்டாம் உயிரைக் கொடுத்தது. பின்னாளில் வித்தைகள் பெருகப் பெருக, வழுக்குவதற்கு வாகாகச் சக்கரங்களை நாங்களே மீண்டும் கடினமாக்கிக்கொண்டோம். இளம் வயதில் கண் தானாகவே தரையைத் துழாவி, கல்லைக் கண்டு விலகும். அந்தக் கண் இப்போது என்னிடம் இல்லை. எனவே அடுத்த வாரமே 78A மென்மையும் 60 மில்லிமீட்டர் விட்டமும் கொண்ட சக்கரங்களை வாங்கினேன். இவ்வளவு பெரிய சக்கரம் சாயும்போது பலகையின் அடிப்பாகத்தில் உரசிக் கடித்துக்கொள்ளும் என்பதால், ட்ரக்கின் அடியில் ரைசர் என்ற தடித்த தகட்டையும் வைக்க வேண்டியிருந்தது.

பலகையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தகடுகளை ஒட்டி அழுத்திச் செய்யும் முறை அப்படியே இருக்கிறது, அகலம்தான் மாறிவிட்டது. நான் ஆடிய காலத்தில் 7.5 அங்குலப் பலகையே நாகரிகம், 8 அங்குலம் என்றால் கேலி செய்வார்கள். இன்று 8.25 அங்குலத்தை யாரும் அகலம் என்று சொல்வதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது எதிர்பாராத கொடை. பாதத்திற்குக் கூடுதலாகக் கிடைக்கும் முக்கால் அங்குலம் எவ்வளவு பெரிய நிலப்பரப்பு என்பதை நின்று பார்த்தால்தான் உணர முடியும். அளவில் மாறாமல் இருந்தது பேரிங் ஒன்றுதான். 608 என்ற எண்ணுடைய, 8 மில்லிமீட்டர் துளையும் 22 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் கொண்ட அதே வளையம். நான் ஆடிய காலத்துச் சக்கரத்திலும் இன்றைய சக்கரத்திலும் ஒன்றுபோல் பொருந்தும்.

புதிய பலகையில் ஏறியபோது எந்தக் காலை முன்னே வைப்பது என்று நான் யோசிக்கவில்லை. வலது கால் தானாக முன்னே போனது. வலது காலை முன்வைத்து நிற்பவர்களைக் கூஃபி என்றும், இடது காலை முன்வைப்பவர்களை ரெகுலர் என்றும் சொல்வது வழக்கம். நான் கூஃபி என்பதை மனம் மறந்திருந்தாலும் இடுப்பு மறக்கவில்லை. தரையை உந்தித் தள்ளுவதும், சாய்ந்து திரும்புவதும், பலகையின் பின்முனையான டெய்லை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி இடவலமாக வெட்டுவதும் இரண்டு மூன்று காலைகளில் வந்துவிட்டன. சைக்கிள் ஓட்டக் கற்றவர் மறப்பதில்லை என்பார்கள். செயல்வழிப் பதியும் நினைவு அப்படித்தான், சொற்களாகவோ காட்சிகளாகவோ சேமிக்கப்படாமல், சிறுமூளையும் அதனோடு பிணைந்த பகுதிகளும் காத்துவைக்கும் அசைவுகளின் வரிசையாக நீடிக்கிறது.

அந்த நினைவு யாருடையது என்பதில்தான் சிக்கல். அது 61 கிலோ எடையிருந்த, கணுக்கால் ஸ்பிரிங்கைப் போல இயங்கிய ஓர் இளைஞனின் உடலுக்கு எழுதப்பட்ட கணக்கு. அதை 76 கிலோ எடையுள்ள, நாள் முழுவதும் நாற்காலியில் அமரும் ஒருவன் அப்படியே நிறைவேற்ற முயல்கிறான். ஆணை சரியானது, ஆனால் கைமாறிப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆலியில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. கையால் பிடிக்காமல் பலகையோடு எம்பும் அந்த அசைவை 1970களின் பிற்பகுதியில் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆலன் கெல்ஃபாண்ட் வளைந்த சுவர்களில் செய்துகாட்டினார். அவருடைய பட்டப்பெயரே அதன் பெயராயிற்று. 1982இல் ராட்னி மல்லன் அதைச் சமதளத்திற்குக் கொண்டுவந்தார். இன்றைய தெரு வித்தைகளில் பெரும்பாலானவை அதன் மேல் கட்டப்பட்டவை. பார்ப்பவருக்குப் பலகை காலில் ஒட்டிக்கொண்டதுபோலத் தோன்றும். உண்மையில், பின்கால் டெய்லைத் தரையில் அறைகிறது. அந்த அடியில் நோஸ் எனப்படும் முன்முனை செங்குத்தாக எழுகிறது. முன்பாதத்தின் பக்கவாட்டு கிரிப் டேப்பின் மீது உரசியபடி மேலேறி, பலகையை முன்னோக்கி இழுத்துக் கிடைமட்டமாக்குகிறது. இவையெல்லாம் நடக்க வேண்டுமென்றால், அறைந்த மறுகணமே பின்கால் மேலே ஒதுங்கிப் பலகைக்கு வழிவிட வேண்டும். என் முன்கால் தன் பங்கை நேர்த்தியாகச் செய்தது. பின்கால் மட்டும் அடித்த இடத்திலேயே, உத்தரவுக்குக் காத்திருக்கும் ஊழியரைப் போல நின்றுகொண்டிருந்தது. ஐந்து வாரங்களுக்குப் பிறகு என் ஆலியின் உயரம் ஒரு செங்கல்லைப் படுக்கவைத்த அளவு. அந்தச் செங்கல்லைத் தாண்டிய அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்தாரா என்று தெரியவில்லை.

இதற்கிடையில் விழுவதற்கும் தனியாகப் பயிற்சி எடுத்தேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை, மனைவி பார்த்துவிட்டாள். பழைய மெத்தையைத் தரையில் விரித்து, மண்டியிட்ட நிலையிலிருந்து தோளின் மேல் உருள்வதில் தொடங்கினேன். பிறகு குந்திய நிலையிலிருந்து, பிறகு நடந்து வந்து, இறுதியில் புல்தரையில் மெதுவாக ஓடி வந்து உருண்டேன். முதல் சில நாட்களுக்குத் தலை சுற்றியது. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்புக்கு இத்தனை ஆண்டுகள் வேலையே கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒரே நாளில் தலைகீழாகப் புரட்டினால் அது முறையிடாமல் என்ன செய்யும்? கைகள்தாம் கடைசிவரை அடங்கவில்லை. நடந்து வரும்போது மடங்கிய கை, ஓடி வரும்போது மீண்டும் நீண்டது. அச்சம் கூடக் கூட முழங்கை நிமிர்கிறது என்று கண்டுகொண்டேன். அதனால் மணிக்கட்டுக் கவசம் வாங்கினேன். உள்ளங்கையின் பக்கம் கடினமான பிளாஸ்டிக் தகடு வைத்த அந்தக் கவசம், கை ஊன்றும்போது தரையில் சறுக்கிப்போய் எடையை அப்படியே எலும்பில் இறக்காமல் பார்த்துக்கொள்கிறது. தலைக்கவசம் மனைவியின் நிபந்தனை. சைக்கிள் தலைக்கவசங்கள் பொதுவாக ஒரே ஒரு பெரிய மோதலை வாங்கி நசுங்கிவிடும்படி செய்யப்படுபவை. ஸ்கேட்போர்டுக்கென்று செய்யப்படுபவற்றில் பல, சிறு மோதல்களைத் திரும்பத் திரும்பத் தாங்குமாறும் பின்மண்டையை இறங்கி மூடுமாறும் அமைந்தவை. இந்த வேறுபாட்டைக்கூட அறியாமல் ஒன்பது ஆண்டுகள் வெறுந்தலையோடு ஆடியிருக்கிறேன். அதைத் துணிச்சல் என்று இப்போது சொல்லிக்கொள்ள மனம் வரவில்லை.

மூன்றாம் மாதம் ஸ்கேட்பார்க்குக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் ஏழெட்டுப் பேர். உள்ளே நுழைந்து முதல் சுற்றிலேயே, யாரும் கவனிக்காத ஒரு சமதளத்தில், வெறுமனே திரும்பும்போது விழுந்தேன். அத்தனை பலகைகளும் ஒரே நேரத்தில் நின்றன. "அங்கிள், அடிபட்டுச்சா?" என்று மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஐந்து நிமிடங்களுக்கு முன்னால் அவர்களில் ஒருவன் இதைவிடப் பலமாக விழுந்திருந்தான். அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுடைய பரிவில் குறையொன்றும் இல்லை. ஆனாலும் அந்தப் பரிவுதான் அன்று எனக்கு அதிகம் வலித்தது.

அங்கே நான் கற்க வேண்டியிருந்தது, சரிவின் உச்சியிலிருந்து பலகையோடு இறங்கும் டிராப் இன். இளம் வயதில் எங்களுக்கு ராம்ப் எனப்படும் சரிவுத்தளம் கிடையாது என்பதால் இது என் உடம்பில் எழுதப்படாத பாடம். நினைவை நம்பிப் போகும் வசதி இதில் இல்லை. குவார்ட்டர் பைப் எனப்படும் நான்கடி உயர வளைந்த சரிவின் உச்சியில், விளிம்பில் பதித்த இரும்புக் குழாயின் மீது டெய்லை வைத்துப் பின்காலால் அழுத்தி நிற்க வேண்டும். பலகையின் மற்ற பாகம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். முன்காலை முன் ட்ரக்கின் திருகாணிகளுக்கு மேல் வைத்து, உடல் எடை முழுவதையும் முன்னே கொட்டி, முன்சக்கரங்களைச் சரிவில் மிதித்து இறக்க வேண்டும். அவ்வளவுதான். அரை விநாடி வேலை.

அந்த அரை விநாடிக்காக நான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உச்சியில் நின்றேன். பள்ளத்தைப் பார்த்தால் உடம்பு பின்வாங்குவது இயல்பு, அது பாதுகாப்புக்காகவே பின்வாங்குகிறது. ஆனால் இங்கே பின்னால் சாய்வதுதான் ஆபத்து. எடை பின்னே போனால் பலகை மட்டும் அம்பு போல முன்னே பாய, நீங்கள் முதுகெலும்பின் அடி நுனியிலோ பின்மண்டையிலோ போய் இறங்குவீர்கள். எவ்வளவு தீவிரமாகக் கீழ்நோக்கிப் பாய்கிறீர்களோ அவ்வளவு பத்திரம். இதை நான் முழுமையாக அறிவேன். காகிதத்தில் படம் போட்டுக்கூட விளக்குவேன். ஆயினும் உச்சியில் நிற்கும்போது, அந்த அறிவு கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை.

சிறுவர்களுக்கு அச்சம் இல்லை என்பது பொய். என் அருகில் நின்ற பதினோரு வயதுப் பையனின் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். அவனுடைய அச்சம் வலியைப் பற்றியது. அதனால் வலி வந்து போனதும் அதுவும் போய்விடுகிறது. என்னுடையதோ ஒரு கணக்குப் புத்தகம். மணிக்கட்டு முறிந்தால் ஆறு வாரங்களுக்கு யார் வண்டி ஓட்டுவது, புதன்கிழமைக் கூட்டத்தில் கட்டோடு உட்கார்ந்து என்ன காரணம் சொல்வது, மகளை யார் தூக்குவது என்று வரிவரியாக நீளும். அந்தக் கணக்கில் ஒரு வரிகூடத் தவறில்லை என்பதுதான் கொடுமை. ஆனால் அதைக் கூட்டிக்கொண்டிருக்கும் மனத்தோடு இறங்கினால் முன்கால் பாதி அழுத்தத்தோடு நின்றுவிடும். பாதி அழுத்தம்தான் எலும்பை முறிக்கிறது. இறங்குவதென்றால் முழுக்க இறங்க வேண்டும், வேண்டாமென்றால் பலகையை விட்டுவிட்டுப் படியில் நடந்து இறங்க வேண்டும். நான் பலமுறை நடந்து இறங்கினேன். அதற்காக வெட்கப்படுவதை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திவிட்டேன்.

அந்தப் பையன்தான் ஒருநாள் சொன்னான்: "அங்கிள், கீழ பாக்காதீங்க. எதிர்ச் சுவத்தப் பாருங்க. காலு தானா வரும்." சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். கண் போகும் திசைக்குத் தலையும், தலையின் திசைக்குத் தோளும், தோளின் பின்னால் எடையும் போகும் என்ற எளிய இயக்கவியலை அவன் மூன்று வாக்கியத்தில் முடித்திருந்தான். முதல் முயற்சியில் எதிர்ச் சுவர் வரை போனேன், அங்கே எப்படி நிற்பது என்று யோசிக்காததால் புல்லில் போய் உருண்டேன். கைகள் மடங்கியிருந்தன. அதை நான் உருண்டு முடிந்து வானத்தைப் பார்த்துக் கிடக்கும்போதுதான் கவனித்தேன்.

இந்த வயதில் இது தேவையா என்று கேட்கும் நண்பர்களுக்குப் பதிலாக, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஸ்கேட்போர்டின் பார்க் பிரிவில் (வளைந்த சரிவுகளில் ஆடும் பிரிவு) ஆடிய ஆண்டி மெக்டொனால்டை இழுத்து வருவது வழக்கமாகிவிட்டது. அவருக்கு அப்போது 51 வயது. அதே பிரிவில் ஆடிய தென்னாப்பிரிக்காவின் டல்லஸ் ஒபர்ஹோல்சருக்கு 49. அதே ஒலிம்பிக்கில் மகளிர் பார்க் பிரிவில் ஆடிய சீனாவின் செங் ஹாவ்ஹாவுக்கு 11. படிப்பதற்கு மகிழ்ச்சியான எண்கள்தாம். ஆனால் என் போன்றவர்கள் மெக்டொனால்டைக் காட்டி ஆறுதல் தேடுவது சற்றுத் திருட்டுத்தனமானது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் ஒருநாளும் நிறுத்தியவர் அல்லர். அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் 1999 ஜூன் 27 அன்று, காலக்கெடு முடிந்த பிறகும் விடாமல் முயன்று, இரண்டரைச் சுற்று சுழலும் 900 என்ற வித்தையை முதன்முதலாகப் போட்டியில் நிறைவேற்றியபோது அவருக்கு 31 வயது. சரியாக 17 ஆண்டுகள் கழித்து, 2016இல், 48 வயதில் அதே வித்தையை மீண்டும் செய்தார். அவருடைய 17 ஆண்டுகளும் என்னுடைய 17 ஆண்டுகளும் எண்ணிக்கையில் மட்டுமே ஒன்று. அவர் அந்தக் காலம் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தார். அவரும் 2022இல் 53 வயதில் தொடை எலும்பை முறித்துக்கொண்டார் என்ற செய்தியைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எல்லோரையும்விடச் சிறப்பாக விழத் தெரிந்தவருக்கும் ஒருநாள் கணக்குத் தவறுகிறது.

எனக்கு அது நான்காம் மாதத்தில் தவறியது. பெரிய முயற்சி எதுவும் இல்லை. சிறிய ஆலி ஒன்றில், பலகையின் விளிம்பில் பாதி பாதம் இறங்க, இடது கணுக்கால் உட்புறமாக மடிந்தது. வெளிப்பக்கத் தசைநார் இழுபட்டு, மாலைக்குள் கணுக்கால் எங்கே முடிகிறது கால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வீங்கிவிட்டது. இருபது வயதில் இதே சுளுக்கு வந்தபோது நான்காம் நாள் ஆடப் போயிருக்கிறேன். இம்முறை எட்டு வாரங்கள். இயன்முறை மருத்துவர் சொன்ன ஒரு செய்தி என்னை யோசிக்கவைத்தது. தசைநார் வெறும் கயிறு அல்ல. மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்விகளும் அதில் இருக்கின்றன. சுளுக்கின்போது அவையும் கெடுவதால், வலி போன பிறகும் கால் தன் இருப்பிடத்தைத் தவறாக அறிவிக்கும், அதனால்தான் ஒருமுறை மடிந்த கணுக்கால் மீண்டும் மீண்டும் மடிகிறது. அதற்கு மருந்து ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு மடித்த போர்வையின் மீது. கண்ணை மூடினால் நான் ஐந்து விநாடி நிற்கவில்லை. இப்போது பல் துலக்கும் நேரம் முழுவதும் ஒற்றைக் காலில்தான். மகளும் பக்கத்தில் நின்று அதையே செய்கிறாள். அவள் என்னைவிட நன்றாக நிற்கிறாள்.

அந்த எட்டு வாரங்களில் தொலைபேசியில் அம்மா, "போதும்ப்பா, நடந்தா போதாதா?" என்று கேட்டார். நடந்தால் போதும்தான். மறுக்க என்னிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு அளவுகளை மாற்றிக்கொண்டேன். வாரத்திற்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். தசை விரைவில் தேறிவிடும், தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும் என்பதால், கால் வலுவாக இருக்கிறது என்ற நினைப்பு வரும் நாள்தான் கவனமாக இருக்க வேண்டிய நாள். களைத்த பிறகு "கடைசியாக ஒன்று" என்று முயல்வதை முற்றிலும் விட்டேன். என் வாழ்வின் மோசமான விழுதல்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசி ஒன்றில் நிகழ்ந்தவை.

ரசனையும் மாறியிருக்கிறது. இருபது வயதில் ஒரு வித்தையின் மதிப்பு, எத்தனை படிகளைத் தாண்டினாய் என்பதில் இருந்தது. கிக்ஃபிளிப் என் பெருமையாக இருந்தது. பாதத்தின் நுனியால் ஓரத்தைச் சுண்டி, காற்றில் பலகையை அதன் நீள அச்சில் ஒரு முழுச் சுற்று சுற்றவிட்டு மீண்டும் காலால் பிடிப்பது. அது திரும்பி வரவில்லை. சில மாதங்கள் தேடினேன், இப்போது தேடுவதில்லை. அதற்குப் பதிலாக, அன்று நாங்கள் ஏளனம் செய்த ஸ்லாப்பியை விரும்பத் தொடங்கியிருக்கிறேன். தாழ்வான நடைபாதை விளிம்பை நோக்கிச் சாய்ந்த கோணத்தில் வந்து, எம்பாமலேயே சக்கரத்தை விளிம்பில் மோதவிட்டு எடையை மாற்றி, ட்ரக்கின் உலோகத்தை விளிம்பின் மீது ஏற்றித் தேய்த்துக்கொண்டு போவது அது. உயரம் ஆறு அங்குலம்தான். விளிம்பில் மெழுகு தேய்த்திருந்தால் உலோகம் கரகரவென்று ஒரு நீண்ட ஒலியோடு வழுக்கிப் போகும். அந்த ஒலிக்காகவே ஒரு காலைப் பொழுதைச் செலவிடலாம். இளம் வயதில் இந்த ஒலி என் காதில் விழவே இல்லை என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் கூட்டம் அதிகம். குவார்ட்டர் பைப்பின் உச்சியில் என் முறை வந்ததும் இறங்கினேன். எதிர்ச் சுவரில் ஏறி, திரும்பி வரும்போது சற்று முன்னதாகவே எடையை மாற்றிவிட்டேன் போலிருக்கிறது. பலகை நழுவியது. தோள் தரையில் பட்டது, வானமும் கூரையும் ஒரு சுற்றுச் சுற்றின, எழுந்து நின்றபோது உள்ளங்கைகள் சுத்தமாக இருந்தன. ஒரு பலகைகூட நிற்கவில்லை. எதிர்ச் சுவர் சொன்ன அந்தப் பையன், உருண்டு வந்த என் பலகையைக் காலால் தடுத்து, என்னைப் பார்க்காமலேயே என் பக்கம் தள்ளிவிட்டு, தன் முறைக்காக மேலே ஏறினான்.